பழைய 80சி85 மடிக்கணினிக்கு 512கே ரேம் போர்டு

டிஆர்எஸ்-80 மாடல் 100 (1983) போன்றவற்றில் கீழ் 32கே ரோம், மேல் 32கே ரேம். 80சி85 சிபியுவுக்கு 16 முகவரிக் கோடுகள்தான், 64கே-க்கு மேல் எட்டாது. அதனால் 512கே சிப்பை 32கே அளவில் 16 பேங்காகப் (ஒரு நேரத்தில் ஒன்றுதான் தெரியும்) பிரிக்க வேண்டும்.

வேண்டியவை: ஏஎஸ்6சி4008 ரேம், 74ஹெச்சி138 (டிகோடர்) இரண்டு, 74ஹெச்சி273 (பேங்க் எண்ணை வைத்திருக்கும் ரெஜிஸ்டர்), 74ஹெச்சி573 (லாட்ச்), மேக்ஸ்809எம் (மின்னழுத்தம் குறைந்தால் வெளியீட்டைக் கீழே இழுக்கும் சிப்), ஷாட்கி டயோடு இரண்டு, சிஆர்2032 பேட்டரி, சிப்புக்கு ஒரு 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஹெச்சி-க்குப் பதில் ‘எல்எஸ்’ வரிசையை நீட்டினால் வாங்காதீர்கள். அது மில்லிஆம்பியர் கணக்கில் குடிக்கும், பேட்டரி தாங்காது.

1. 573, சிபியுவின் ஏஎல்இ-யைப் (முகவரி வந்துவிட்டது என்னும் குறி) பிடித்துக் கீழ் எட்டு முகவரிகளை டேட்டாவிலிருந்து பிரிக்கும். ஏ0–ஏ14 நேராக ரேமுக்கு. போர்டில் தடம் இழுக்க வசதியாக இந்தக் கோடுகளைத் தமக்குள் மாற்றிக்கொள்ளலாம், டி0–டி7 கோடுகளையும் அப்படியே. எழுதிய வழியிலேயே படிப்பதால் ரேமுக்கு வித்தியாசமில்லை.

2. ரேமின் ஏ15–ஏ18 கால்களுக்கு 273-இன் நான்கு வெளியீடுகள். காலியான ஐ/ஓ போர்ட்டை சர்வீஸ் மேனுவலில் பார்த்து, ஒரு 138 மூலம் அதன் எழுது-பல்ஸை 273-இன் கிளாக்கில் கொடுங்கள்.

3. பலர் தடுமாறுவது இங்கேதான். பவர் போனதும் சிபியு பக்கக் கோடுகள் கீழே விழும். ரேமின் சிஇ-யும் (சிப்பைத் தேர்ந்தெடுக்கும் கால்) விழுந்தால் சிப் விழித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் டபிள்யுஇ-யும் (எழுதச் சொல்லும் கால்) கீழே இருப்பதால் குப்பை எழுதப்படும். 5 வோல்ட் லைனுக்குப் புல்-அப் (மேலே இழுக்கும் மின்தடை) போட்டுப் பயனில்லை, அந்த லைனே செத்துவிட்டது. ஆகவே ரேமையும் அதன் சிஇ-யை ஓட்டும் 138-ஐயும் பேக்கப் லைனில் போடுங்கள். 5 வோல்ட்டும் பேட்டரியும் ஆளுக்கொரு ஷாட்கி வழியாக அந்த லைனில் சேரும். 138-இன் 1-ஆம் காலில் சிபியுவின் ஏ15, 4-இல் ஐஓ/எம் (நினைவகமா ஐ/ஓ-வா என்று சொல்லும் கோடு), 2, 3, 5 கிரவுண்ட், 14-ஆம் கால் ரேமின் சிஇ-க்கு. 6-ஆம் காலில் மேக்ஸ்809எம்-இன் வெளியீடும், கிரவுண்டுக்கு 100கே மின்தடையும். 4.38 வோல்ட்டுக்குக் கீழே போனதும் 138 பூட்டிக்கொள்ளும். அதே வெளியீட்டை 273-இன் 1-ஆம் காலுக்கும் கொடுத்தால் பவர் வரும்போது எப்போதும் பேங்க் 0.

4. கணினியின் சொந்த ரேமின் சிஇ-யைத் துண்டியுங்கள். இல்லையேல் இரண்டும் ஒரே பஸ்ஸில் மோதும்.

சோதனை: பேட்டரிக்குத் தொடரில் 1கே மின்தடை வைத்து, கணினியை அணைத்து, மின்தடையின் குறுக்கே அளக்கவும். ஒரு மில்லிவோல்ட் ஒரு மைக்ரோஆம்பியர். சில மைக்ரோஆம்பியர்தான் வர வேண்டும். நூற்றுக்கணக்கில் வந்தால் 138-இன் 1 அல்லது 4-ஆம் கால் மிதக்கிறது. இரண்டுக்கும் 100கே புல்-டவுன் கொடுங்கள்.

பின்சேர்க்கை: பேங்க் மாறியதும் கணினி உறைந்தால் போர்டைக் குறை சொல்லாதீர்கள். ஸ்டாக்கும் (நிரல் திரும்ப வேண்டிய முகவரிகளை வைக்கும் இடம்) பேங்க் மாற்றும் நிரலும் அதே மேல் 32கே-யில் இருப்பதால் அவையும் சேர்ந்து மறைகின்றன. அந்த நிரலை எல்லாப் பேங்கிலும் ஒரே முகவரியில் நகலெடுத்து வைத்து, மாறும்போது இன்டரப்டை அணைத்து, ஸ்டாக் பாயிண்டரைப் புதிதாக ஏற்றுங்கள்.