ஆணியைப் பிடுங்கலாமா? பழைய சாகசம் ஒன்றை நெல்லைச் சீமைக்குக் கொண்டுவருவது எப்படி

ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் பாத்திரங்களாகி மேசையில் பகடை உருட்டி ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்காக கேரி கைகாக்ஸ் 1979இல் எழுதிய 'தி கீப் ஆன் தி பார்டர்லாண்ட்ஸ்' சாகசத்தில் கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. எல்லைப்புறத்தில் ஒரு கோட்டை, பக்கத்தில் குகைகள், குகைக்குள் இனம் இனமாக அரக்கர்கள். உள்ளே போ, கொல், பொருளோடு திரும்பு. புதிதாக ஆட்டம் நடத்துபவர்களுக்கு இந்த எளிமை பெரிய வசதி.

முதல்முறை இதைத் தமிழாக்கியபோது நான் பெயர்களை மட்டும் மாற்றினேன். கோபிளின் குட்டிச்சாத்தான் ஆனது, ஓகர் பூதம் ஆனது. அரைமணி நேரத்தில் நண்பர்கள் குட்டிச்சாத்தானை மறந்து மறுபடியும் 'கோபிளின்' என்றே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். தப்பு அவர்களுடையது அல்ல. நம் ஊர்ப் பேய்க்குத் தீராத மனக்குறை ஒன்று உண்டு. அதைக் கேட்காமல் வாளை வீசினால் அது பேயே அல்ல.

முதலில் கோட்டையைப் பாளையம் ஆக்குங்கள். காலம் 1600களின் பிற்பகுதி, மதுரை நாயக்கர் ஆட்சி. ஆட்டக்காரர்கள் பாளையக்காரரின் காவல்காரர்கள். களவு போன பொருளை மீட்க வேண்டும், முடியாவிட்டால் ஈடு கொடுக்க வேண்டும் என்பது காவல் முறையின் வழக்கம். பத்து உழவு மாடுகள் காணாமல் போய்விட்டன, குளம்புத் தடம் மலைப்பக்கம் போகிறது என்று ஆரம்பித்தால் போதும். புதையல் ஆசை காட்ட வேண்டிய வேலையே இல்லை.

அடுத்து வரைபடத்தில் ஊர் எல்லையைக் கோடு போட்டுக் காட்டுங்கள். எல்லையில் மண்குதிரைகளோடு அய்யனார். அதற்கு இப்பால் எதுவும் வராது. அப்பால் செம்மண் தேரி (மணல்மேடு), பனை, உடைமரம். பழக்கதோஷத்தில் சீமைக்கருவேலத்தை நட்டுவிடாதீர்கள், அது பிற்பாடு வந்த மரம்.

மூலத்தில் உள்ள குகைக்கூட்டங்கள் அத்தனையும் வேண்டாம்; மூன்று குகை போதும். மூலத்தில் வரும் ஆர்க் என்ற அரக்கர் கூட்டத்தை எந்தச் சாதியோடும் மலைவாழ் மக்களோடும் பொருத்தாதீர்கள். மாடு திருடியவர்கள் பாளையத்திலிருந்து ஓடிப்போன படைவீரர்களாக இருக்கட்டும். மூலத்தில் கோபிளின்கள் பணமூட்டையை எறிந்து ஓகரைத் துணைக்கு அழைக்கும். அழகான இடம், அப்படியே வைத்துக்கொள்ளலாம்: திருடர்கள் சுருட்டும் சாராயமும் படைத்து ஒரு முனியைக் காவலுக்கு வைத்திருக்கிறார்கள். உங்கள் ஆட்கள் அதைவிடப் பெரிய படையல் போட்டால் முனி கட்சி மாறும்.

கடைசிக் குகைதான் முக்கியம். மூலத்தில் அங்கே பார்வையாலேயே ஆளைக் கல்லாக்கும் மெடூசா என்ற அரக்கியைக் கட்டிவைத்திருப்பார்கள். தன்னை விடுவித்தால் கைம்மாறு செய்வதாக அவள் பேரம் பேசுவாள். நம் கதையில் அவள் குகைவாயிலில் நிற்கும் பனையில் ஆணியடித்து நிறுத்தப்பட்ட பெண் பேய். பனையைச் சுற்றிப் பத்தடி தூரத்துக்கு மேல் நகர முடியாது. கண்ணால் கல்லாக்குவதும் இல்லை. நள்ளிரவில் வெற்றிலை மடித்தபடி கேட்பாள்: "அண்ணா, கொஞ்சம் சுண்ணாம்பு கொடுப்பீர்களா?"

இந்த இடத்தில் பேசாமல் இருங்கள். எப்படிக் கொடுக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். கத்தி நுனியில் வைத்து நீட்டினால் தப்பித்தார்கள், இரும்புக்கு அவள் அஞ்சுவாள். வெறுங்கையால் நீட்டினால் இருபது முகப் பகடையை உருட்டச் சொல்லுங்கள். பத்துக்குக் கீழே விழுந்தால் கை அவள் பிடியில். எங்கள் மேசையில் பாட்டி சொன்ன கதையை நினைவில் வைத்திருந்த ஒருவர் மட்டும் சட்டென்று கத்தியை எடுத்தார். விதிநூலைக் கரைத்துக் குடித்தவர் மாட்டிக்கொண்டார்.

அவளுக்கு உயிர்ப்புள்ளிகள் (அடிபட அடிபடக் குறையும் எண்) எழுதாதீர்கள். அதற்குப் பதிலாக மூன்று குறைகள் எழுதுங்கள். நான் எழுதியவை: அவள் பெயரை ஊரில் யாரும் சொல்வதில்லை, அவள் பிள்ளை எங்கே என்று தெரியாது, கொன்றவன் உயிரோடு இருக்கிறான். ஒவ்வொன்றாகத் தீரத் தீர அவள் பலம் குறையும். மூன்றும் தீர்ந்தால் தனக்கு ஒரு பூடமும் (வழிபாட்டு மேடை) ஆண்டுக்கு ஒரு கொடைவிழாவும் கேட்பாள். திருடர்களிடம் மீட்ட பொன் அதில்தான் கரையும். குறை தீரும் முன்பே ஆணியைப் பிடுங்கினால் அன்றிரவு ஊரில் ஒரு சாவு.

இசக்கி, சுடலைமாடன், முத்துப்பட்டன் என்று இருக்கிற பெயர்களை இவளுக்கு வைக்க வேண்டாம். உங்கள் மேசையிலேயே ஒருவருக்கு அது குலதெய்வமாக இருக்கலாம். புதுப்பெயர் வையுங்கள்.

மூலத்தில் கோட்டைக்குள்ளேயே ஒரு பூசாரி நல்லவனாக நடிப்பான். அவனை ஆணியடித்த மந்திரவாதி ஆக்கிவிடுங்கள். முதல் நாளே அவன் வீட்டில் ஆட்டக்காரர்களுக்கு வயிறாரச் சோறு போட்டுவிடுங்கள்.

இரண்டாம் நாள் ஆட்டத்தை வில்லுப்பாட்டுபோலத் தொடங்கலாம். ஒருவர் முந்தைய கதையைச் சொல்ல, மற்றவர்கள் 'ஆமா' போட வேண்டும். "அந்த மந்திரவாதி வீட்டில் சாப்பிட்டோம்" என்ற வரி வந்தபோது எங்கள் மேசையில் ஒருவரும் ஆமா போடவில்லை.