பலாக்கொட்டை போல உரித்தெடுக்கக் கூடாத கட்டி

மார்பில் ஒரு கட்டி என்று சொன்னால் எங்கள் குமரி மாவட்டத்தில் முதலில் காதில் விழுவது "சாரமில்லை" (பரவாயில்லை) என்ற ஆறுதல்தான். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். இளம் பெண்களுக்கு வருவதில் பெரும்பகுதி ஃபைப்ரோஅடினோமா என்ற சாதுவான கட்டி. ஆனால் சார்கோமா என்ற புற்றுநோயும் சில சமயம் அதே முகத்தோடு வரும். மார்பகப் புற்றுநோய்களில் இது 1 சதவீதத்துக்கும் குறைவு. பால் சுரப்பியில் அல்ல, அதைத் தாங்கி நிற்கும் இணைப்புத் திசுவில் பிறப்பது.

பெரிய தவறு முதல் ஆபரேஷனிலேயே நடக்கிறது. "சின்னக் கட்டிதானே" என்று கீறி, கட்டியை மட்டும் தோண்டி எடுத்துவிடுவது. சுளைக்குள்ளிருந்து பலாக்கொட்டை வழுக்கி வருவதுபோல் இதுவும் வந்துவிடும். மேலே ஓர் உறை தெரியும், முழுசாக வந்துவிட்டதாகவே தோன்றும். அந்த உறை பொய். நசுங்கிய திசுவோடு நோய்ச் செல்களும் அதில் இருக்கும். உரித்த இடத்தில் மிச்சம் தங்கி மறுபடி வளரும். இதைச் சுளையோடு சேர்த்துத்தான் எடுக்க வேண்டும்: சுற்றிலும், அடியிலும் நல்ல சதையோடு. எடுத்த சதையின் ஓரங்களில் நோய் இல்லை என்று அதைச் சோதித்த பதாலஜி ரிப்போர்ட் சொன்னால், பலருக்கு மார்பு முழுவதையும் எடுக்க வேண்டியிராது.

அதனால் கத்தி வைக்கும் முன்பே கோர் பயாப்சி, அதாவது தடித்த ஊசியால் கட்டியில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது. மெல்லிய ஊசியில் உறிஞ்சிப் பார்ப்பது இதற்குப் போதாது. வேகமாக வளரும் கட்டியில் எண்ணெய் தேய்த்து நாள் கடத்துவதும் வேண்டாம்.

அக்குளில் நெறிகளை (நிணநீர் முடிச்சுகளை) எடுக்கவில்லையே, பாதி வேலைதானா என்று சிலர் பதறுவார்கள். சார்கோமா பெரும்பாலும் ரத்தம் வழியாக நுரையீரலுக்குத்தான் போகும். நெறியில் நோய் இருப்பதாகத் தெரியாதவரை அதைத் தொட வேண்டியதில்லை; நெஞ்சு சி.டி. ஸ்கேனைத்தான் விடக்கூடாது.

ஏற்கெனவே ஆபரேஷன் முடிந்து, களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனைக்குக் கிளம்புகிறீர்களா? ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. எடுத்த கட்டியின் சதை இருக்கும் கண்ணாடி ஸ்லைடும் மெழுகு பிளாக்கும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது கண் பார்த்து நோயின் பெயரே மாறுவதுண்டு.

அப்புறம், மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்து 5, 10 வருடம் ஆனவர்கள். அந்த இடத்துத் தோலில் கன்றிப்போனதுபோல் ஊதாத் திட்டு வந்தால், "எங்கேயோ இடித்திருப்பேன்" என்று விடாதீர்கள். ரத்தக்குழாய்ச் சுவரில் பிறக்கும் ஆஞ்சியோசார்கோமா அப்படித்தான் தொடங்கும்; அந்தத் திட்டிலிருந்தே பயாப்சி எடுக்கச் சொல்லுங்கள்.