பீரங்கி எவ்வளவு தூரம் சுடும்? எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஐரோப்பியப் போர்களைப் பற்றி எழுதும்போது, காணொளி போடும்போது, "இந்தப் பீரங்கி இத்தனை மீட்டர் சுடும்" என்று ஒரே எண்ணைச் சொல்லி நகர்ந்துவிடுகிறோம். முதல் தவறு அதுதான். குண்டு போய் விழும் தூரம் வேறு, நம்பி அடிக்கக்கூடிய தூரம் வேறு. நெப்போலியன் காலத்து பிரெஞ்சு 12 பவுண்டர் (12 பவுண்டு எடைக் குண்டைச் சுடும்) பீரங்கியின் குண்டு ஒன்றரைக் கிலோமீட்டரைத் தாண்டியும் போகும். ஆனால் எதிரியின் படைவரிசையில் பட வேண்டுமென்றால் 800, 900 மீட்டர்தான் கணக்கு. எதிரி 400, 500 மீட்டருக்குள் வந்துவிட்டால் கேனிஸ்டர் போடுவார்கள்: தகர டப்பாவில் அடைத்த சிறு உருண்டைகள், குழாயை விட்டு வெளியே வந்ததும் சிதறிப் பாயும். எட்டத்தில் சிலரைச் சாய்க்கிற அதே பீரங்கி, கிட்டத்தில் ஒரு வரிசையையே சாய்த்துவிடும்.

அடுத்தது, விழுந்த இடத்தில் எல்லாக் குண்டும் வெடித்தது என்று எழுதுவது. ஹவிட்சர்கள், அதாவது குண்டை மேல்நோக்கி வளைவாக வீசும் குட்டைப் பீரங்கிகள், வெடிகுண்டு வீசியது உண்மை. ஆனால் களத்தில் பெரும்பாலும் பறந்தது திட இரும்புக் குண்டு. குளத்தில் ஓட்டாஞ்சில்லு தத்திப் போவதுபோல் அது தரையில் பட்டு எழும்பி, மறுபடி பட்டு எழும்பி, வழியில் நின்றவர்களையெல்லாம் அடித்துக்கொண்டே போகும். அதனால் தரை எப்படி இருந்தது என்று பார்க்காமல் தூரத்தை எழுதக் கூடாது. 1815 ஜூன் 18, நெப்போலியன் கடைசியாகத் தோற்ற வாட்டர்லூ போர். முந்தைய இரவு கொட்டிய மழையில் நிலம் சேறாகியிருந்தது. பல குண்டுகள் எழும்பாமல் புதைந்தன. போதாததற்கு, எதிரணித் தளபதி வெலிங்டன் தன் படையில் பெரும்பகுதியை, பிரெஞ்சுப் பீரங்கிகளின் கண்ணில் படாதபடி, மேட்டுக்குப் பின்சரிவில் நிறுத்தியிருந்தார்.

காற்றையும் மறந்துவிடுகிறோம். நொடிக்கு 450 மீட்டர் வேகத்தில் 45 பாகைச் சாய்வில் கிளம்பும் குண்டு, பள்ளிக்கூடக் கணக்குப்படி 20 கிலோமீட்டர் போக வேண்டும். நிஜத்தில் அதில் கால்வாசிகூடப் போகாது. காற்றின் தடை இவ்வளவு பெரியது என்பதைச் சோதனை செய்து 1742-இல் எழுதியவர் ஆங்கிலேயக் கணித அறிஞர் பெஞ்சமின் ராபின்ஸ்.

அப்புறம், தூரம் கூடினால் பலமும் கூடும் என்ற நினைப்பு. 1588-இல் ஆங்கிலக் கப்பல்கள் ஸ்பானிய ஆர்மடாவை (இங்கிலாந்தைத் தாக்க வந்த கப்பற்படையை) எட்ட நின்று பல நாள் சுட்டும் பெரிய சேதமில்லை. கிரேவ்லைன்ஸ் துறைமுகத்துக்கு அருகே நெருங்கிச் சுட்டபோதுதான் மரச்சுவர்கள் உடைந்தன. கோட்டை முற்றுகையிலும் அப்படியே. பதினேழாம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கோட்டைப் பொறியாளர் வோபன் காலத்து வீரர்கள் வாரக்கணக்கில் குழிவழி தோண்டிக்கொண்டே போனது, மதிலைப் பிளக்கும் பீரங்கிகளை அகழியின் விளிம்புவரை கொண்டுவந்து நிறுத்தத்தான்.