பரிசோதனைக்குத் தயார் செய்வதும் மருந்து ஒவ்வாமையும்: புது நர்ஸ்கள் சறுக்கும் இடங்கள்

பெயர் சரிபார்க்காமல் ஊசி போடுவது, கை கழுவாமல் தொடுவது பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதைப் படிக்கும்போதே மண்டையில் ஏற்றியிருப்பார்கள். ஒவ்வொரு புது பேட்ச் வரும்போதும், நாங்கள் தடுமாறிய அதே இடத்தில் அவர்களும் தடுமாறுகிறார்கள். அந்த இடங்கள் மட்டும்.

"வெறும் வயிற்றில் வாங்க" என்று மட்டும் சொல்வது

பல பேருக்கு வெறும் வயிறு என்றால் இட்லி கிடையாது, காபி உண்டு. ஃபாஸ்டிங் சுகருக்கு குறைந்தது 8 மணி நேரம், தண்ணீர் மட்டும் குடிக்கலாம் என்று பிரித்துச் சொல்லுங்கள். அப்புறம் மாத்திரை. கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையையோ காலை இன்சுலினையோ போட்டுக்கொண்டு பட்டினியாக வந்தவர், ஸ்கேன் வரிசையிலேயே வியர்த்து மயங்குவார். எதைப் போடுவது, எதை நிறுத்துவது என்று முந்தின நாளே டாக்டரிடம் கேட்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

மெட்ஃபார்மின்

இந்தச் சர்க்கரை மாத்திரையைச் சாப்பிடுபவரை, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரிப்போர்ட் பார்க்காமல் கான்ட்ராஸ்ட் சிடிக்கு (படம் தெளிவாகத் தெரிய மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேன்) அனுப்பாதீர்கள்.

அட்ரினலினைத் தள்ளிப்போடுவது

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான்.

ஒரு சிடி அறை. கான்ட்ராஸ்ட் ஏறி இரண்டொரு நிமிடத்தில் நோயாளிக்கு இருமல், குரல் கம்மல், "வயித்தைப் பெரட்டுது சிஸ்டர், பாத்ரூம் போகணும்" என்றார். உடம்பில் தடிப்பு எதுவும் இல்லை. டியூட்டியில் இருந்த பெண் அவரை எழுப்பி நிற்க வைத்துவிட்டு, அவில் என்ற அலர்ஜி ஊசியை உடைக்கப் போனாள். அவர் அப்படியே சரிந்தார். பிபி கிடைக்கவில்லை. "டெஸ்ட் டோஸில் ஒன்றும் ஆகலையே மேடம்" என்று அவள் அப்போதும் சொல்லிக்கொண்டிருந்தாள். அட்ரினலின் ஊசி தொடையில் இறங்கி, ஐசியூ போய், அவர் பிழைத்துக்கொண்டார்.

அந்தச் சில நிமிடங்களில் எத்தனை தவறு பாருங்கள். கான்ட்ராஸ்டுக்குச் சிறு டெஸ்ட் டோஸ் கொடுத்துப் பார்ப்பது எதையும் உறுதி செய்யாது. அந்தச் சிறு அளவிலேயே ரியாக்‌ஷன் வரலாம். தடிப்பு இல்லாமலும் அனாஃபிலாக்ஸிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தான கடும் ஒவ்வாமை, வரும். பிபி இறங்கும் ஆளை நிமிர்த்தினால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து உயிரே போகலாம். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் சாய்த்து உட்கார வையுங்கள்.

அவில் அரிப்பைக் குறைக்கும், அவ்வளவுதான். அடைக்கிற தொண்டையைத் திறக்காது, பிபியைத் தூக்காது. ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு வேலை செய்யவே மணிக்கணக்காகும். முதல் மருந்து அட்ரினலின். 1 மில்லியில் 1 மில்லிகிராம் உள்ள ஆம்பியூலில் பெரியவர்களுக்கு 0.5 மில்லி, தொடையின் வெளிப்பக்க நடுவில், தசைக்குள். தேறவில்லை என்றால் 5 நிமிடத்தில் மறுபடி. அந்த ஆம்பியூலை அப்படியே நரம்பில் தள்ளிவிடாதீர்கள், இதயத்துடிப்பு தாறுமாறாகும். ஏறிக்கொண்டிருக்கும் மருந்தை நிறுத்துங்கள், ஆனால் கையில் குத்தியிருக்கும் வென்ஃப்ளான் குழாயைப் பிடுங்காதீர்கள்; சலைன் விட அதுதான் வழி.

"டாக்டர் வரட்டும்" என்று காத்திருப்பதைத் தவிர்க்க, டியூட்டி ஏறும்போதே நிலையான ஆர்டர் (டாக்டர் முன்கூட்டியே எழுதிவைத்த அனுமதி) இருக்கிறதா என்று கேளுங்கள். ட்ரேயில் அட்ரினலின் இருக்கிறதா, தேதி முடிந்ததா என்றும் பாருங்கள். பூட்டிய அலமாரியில் இருக்கும் ஆம்பியூல் யாருக்கு?

இறால் அலர்ஜி

கான்ட்ராஸ்டுக்கு அது தடை இல்லை. "முன்பு சிடிக்கு மருந்து ஏற்றியபோது ஏதாவது ஆனதா?" என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

வான்கோமைசினை விரட்டுவது

இந்த ஆன்டிபயாடிக்கை நரம்பில் விடும்போது 1 கிராம் என்றால் குறைந்தது 100 நிமிடம். வேகமாக விட்டு முகமும் கழுத்தும் சிவந்தால் மருந்தை நிறுத்தி டாக்டரைக் கூப்பிடுங்கள். வேகத்தால் வந்த சிவப்பு என்று உறுதியானால் அதை அலர்ஜி என்று பதியாதீர்கள், அந்த மருந்தின் கதவு அவருக்கு அநியாயமாக மூடிவிடும்.

கேஸ் ஷீட்டில் "அலர்ஜி இருக்கு"

எந்த மருந்து, எவ்வளவு, எந்த வழி, எத்தனை நிமிடத்தில், என்ன ஆனது? ஐந்தையும் எழுதி, நோயாளி கையிலும் ஒரு சீட்டுக் கொடுங்கள். மருந்தின் பாதகமான விளைவை நர்ஸும் நேரடியாகப் புகாரளிக்கலாம்: 1800-180-3024, கட்டணமில்லா எண்.