கார்டரின் வாங்கும் முன் ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள்

ஓடாமலே ஓட்டக்காரரின் தசை கிடைக்கும் என்று சொல்லி ஜிம்மில் யாராவது ஒரு குப்பியை நீட்டினால், முதலில் லேபிளில் பெயரைப் பாருங்கள். கார்டரின், எண்டுரோபால், ஜிடபிள்யூ 501516 எல்லாம் ஒரே பொருள்தான். சார்ம்களோடு (ஆண் ஹார்மோன் போலத் தசையை வளர்க்கத் தூண்டும் மருந்துகள்) சேர்த்து விற்பார்கள், ஆனால் இது சார்ம் இல்லை. தசைச் செல்லில் பிபார் டெல்டா என்ற புரதத்தைத் தூண்டி, சர்க்கரையை மிச்சம் பிடித்துக் கொழுப்பை எரிக்க வைக்கிற மருந்து இது.

அப்புறம், யாருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். கலிபோர்னியாவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் ரொனால்ட் எவன்ஸ் குழு 2008-இல் இதைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது, ஓட்டப் பயிற்சியும் சேர்ந்தால்தான் பலன் தெரிந்தது; சும்மா இருந்தவற்றுக்கு ஓடும் திறன் கூடவில்லை. 2017-இல் அளவைக் கூட்டி 8 வாரம் கொடுத்தார்கள், பயிற்சியே இல்லாத சுண்டெலிகள் 160 நிமிடத்துக்குப் பதில் 270 நிமிடம் ஓடின. விளம்பரங்கள் பிடித்துக்கொள்வது இந்த எண்ணைத்தான். ஆனால் அவற்றின் தசையில் செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவோ ரத்தக் குழாய்களோ பெருகவில்லை, ரத்தச் சர்க்கரை சரிந்து களைத்து விழும் நேரம் தள்ளிப்போனது, அவ்வளவுதான். தினமும் ஓடுகிறவர் உடம்பில் நடப்பது இதைவிட எத்தனையோ மடங்கு அதிகம்.

நான் மிகவும் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது, இந்த மருந்து ஏன் கைவிடப்பட்டது என்று பாருங்கள் என்பதைத்தான். கிளாக்ஸோ என்ற மருந்து நிறுவனம் கொலஸ்ட்ரால் மருந்தாக இதை வளர்த்துக்கொண்டு வந்தது. எலிகளில் இரண்டு வருடம் நடந்த சோதனையில் பல உறுப்புகளில் புற்றுநோய்க் கட்டிகள் வந்தன, 2007-இல் நிறுத்திவிட்டார்கள். "எலிக்குக் கொடுத்தது பெரிய டோஸ்" என்பார்கள். அந்தச் சோதனையிலேயே மிகக் குறைந்த டோஸ் பெற்ற எலிகளுக்கும் கட்டி வந்தது. "நான் 8 வாரம் எடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்பவர்களிடம் சண்டை போட வேண்டாம், ஆனால் எலியின் வாழ்நாளில் பெரும்பகுதி ஓடிய சோதனைக்கு 8 வார அனுபவம் பதில் ஆகாது.

"ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர் உட்கொள்ள அல்ல" என்று அச்சடித்திருந்தால், உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். போட்டிகளுக்குப் போகிறவர் என்றால் தொடவே வேண்டாம், போட்டி இல்லாத நாட்களிலும் இது தடை செய்யப்பட்ட பொருள். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவே 2013-இல், உடலுக்குக் கெடுதல், எடுக்காதீர்கள் என்று வீரர்களைத் தனியாக எச்சரித்தது.

உடற்பயிற்சியின் பலனைத் தரும் என்று 2023-இல் பேசப்பட்ட இன்னொரு பொருளான எஸ்எல்யூ-பிபி-332 பற்றிக் கேட்டாலும் இதே கேள்விகளைக் கேளுங்கள். அதில் ஓடியதும் சுண்டெலிதான்.

ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கிறீர்களா? நிறுத்திவிட்டு, குப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். "ஏதோ சப்ளிமென்ட்" என்று மழுப்பாமல் பெயர், டோஸ், எத்தனை வாரம் எடுத்தீர்கள் என்பதை அப்படியே சொல்லுங்கள்.