தீவுப் பயணம்: பணம் கட்டுவதற்கு முன்பும் கடலில் இறங்குவதற்கு முன்பும் செய்ய வேண்டியவை

நகரத்துக்கோ மலைக்கோ போகும்போது ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழி இருக்கும். சிறு தீவுக்கு இருப்பதோ ஒரு படகுத்துறை. கொடுத்து வைத்த தீவென்றால் கூடவே ஒரு குட்டி விமான ஓடுதளம். காற்று பலமாக வீசினால் இரண்டும் ஒரே நாளில் மூடிக்கொள்ளும். அதனால் இத்தகைய பயணத்தில் என்ன செய்கிறோம் என்பதைவிட எந்த வரிசையில் செய்கிறோம் என்பதே நம்மைக் காப்பாற்றுகிறது. முதன்முறையாகக் கடலோர விடுமுறைக்குத் திட்டமிடுபவர்கள் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றலாம்.

முதல் படி: கடலின் நாட்காட்டியைப் பாருங்கள்

அறை வாடகை வழக்கத்துக்கு மாறாக மலிவாகத் தெரிந்தால், அந்த மாதத்தில் கடல் எப்படி இருக்கும் என்பதை முதலில் விசாரியுங்கள். கரீபியன் தீவுகளை உள்ளடக்கிய அட்லாண்டிக் பகுதியில் புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதன் உச்சம் செப்டம்பர் 10ஐ ஒட்டி வருகிறது. ஃபிஜி, வனுவாட்டு போன்ற தென் பசிபிக் தீவுகளுக்கு இது தலைகீழாக, நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. ஜப்பானின் ஒகினாவா தீவுகள் பக்கம் சூறாவளிகள் ஜூலைக்கும் அக்டோபருக்கும் இடையில் மிகுதி. அந்தமானைச் சூழ்ந்த வங்கக் கடலுக்கு ஆண்டில் இரண்டு புயல் பருவங்கள் உண்டு: பருவமழைக்கு முந்தைய ஏப்ரல், மே மாதங்கள் ஒன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை மற்றொன்று.

புயல் சுழல்வதற்குப் பூமியின் சுழற்சியால் உண்டாகும் விசை வேண்டும். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அது குறைந்துவிடுவதால், கோட்டிலிருந்து 5 பாகைக்குள் புயல் உருவாவது அரிது. (2001 டிசம்பரில் சிங்கப்பூருக்கு அருகே வந்த வாமேய் புயல் அந்த அரிதானவற்றில் ஒன்று.) ஆனால் புயல் வராத தீவு என்றால் அமைதியான தீவு என்று பொருளல்ல. மாலத்தீவை நேரடியாகப் பெரும் புயல்கள் தாக்குவது குறைவு என்றாலும், மே முதல் அக்டோபர் வரையிலான தென்மேற்குப் பருவக்காற்றில் அங்கே விசைப்படகில் போவது வயிற்றைப் பிசையும் அனுபவமாக இருக்கக்கூடும்.

இரண்டாம் படி: திரும்பும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

ஞாயிறு இரவு விமானம், ஞாயிறு காலை படகு என்று திட்டம் போடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு; நானும் செய்திருக்கிறேன். ஒருமுறை படகுத்துறைக்குப் போனபோது வானத்தில் மேகமே இல்லை, வெயில் சுள்ளென்று அடித்தது. சீட்டுக் கொடுக்கும் சன்னலில் மட்டும் ‘இன்று படகு இல்லை’ என்ற அட்டை தொங்கியது. மழையே இல்லையே என்று வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டோம். படகை நிறுத்துவது பெரும்பாலும் மழை அல்ல, காற்றும் அலையின் உயரமும்தான். எங்கோ தொலைவில் வீசும் புயல்கூட நம் கரையில் உயரமான அலைகளை எழுப்பும் என்பது அன்றுதான் விளங்கியது.

ஆகவே விமானம் ஞாயிறு இரவு என்றால், சனிக்கிழமை நண்பகலுக்குள் தீவை விட்டுப் புறப்பட்டு, கடைசி இரவைப் பெருநிலத்தில் கழியுங்கள். ஸ்கூபா டைவிங் செய்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு: ஒரே ஒரு முறை மூழ்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை மூழ்கியிருந்தால் குறைந்தது 18 மணி நேரமும் கழித்தே விமானம் ஏற வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அந்த நேரம் தேவைப்படுகிறது.

மூன்றாம் படி: ரத்து விதிகளை ஒரே தாளில் எழுதுங்கள்

விமானம், படகு, அறை என ஒவ்வொரு முன்பதிவுக்கும் ஒரு வரி ஒதுக்கி, கட்டிய தொகை, முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் கடைசி நாள், அந்த நாள் எந்த ஊர் நேரப்படி முடிகிறது என்று மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பணமாகத் திரும்புமா, அடுத்த பயணத்துக்கான வவுச்சராகத் திரும்புமா என்பதையும் ஓரத்தில் எழுதுங்கள், இரண்டும் ஒன்றல்ல.

புயல் வந்தால் விடுதி தானாகவே பணத்தைத் திருப்பித் தரும் என்று பலர் நம்புகிறார்கள். விடுதி திறந்திருந்து, படகு ஓடாததால் உங்களால் போக முடியாமல் போனால், பெரும்பாலான ஒப்பந்தங்களின்படி நஷ்டம் உங்களுடையதே. தனி வீட்டை வாடகைக்கு எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: முன்பதிவுத் தளத்துக்கு வெளியே நேரடியாக வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால், எவ்வளவு தள்ளுபடி கிடைத்தாலும் மறுத்துவிடுங்கள்.

நான்காம் படி: முதல் பணம் கட்டிய உடனே காப்பீடு எடுங்கள்

இதுவே இந்த வரிசையின் மையம். காப்பீடு என்பது எதிர்பாராத நிகழ்வுக்கு மட்டுமே. புயலின் காற்று மணிக்குச் சுமார் 63 கிலோமீட்டரை எட்டியதும் அதற்குப் பெயர் சூட்டப்படுகிறது. பெயர் வந்த பிறகு அந்தப் புயல் ‘தெரிந்த நிகழ்வு’ ஆகிவிடுவதால், அதற்குப் பின் வாங்கிய பாலிசி அந்தப் புயலால் ஏற்படும் இழப்புக்குப் பொதுவாகப் பணம் தராது. அக்டோபர் 4ஆம் தேதி உங்கள் பயணம், செப்டம்பர் 28ஆம் தேதி புயலுக்குப் பெயர் வைக்கிறார்கள், 29ஆம் தேதி நீங்கள் பாலிசி வாங்குகிறீர்கள் என்றால், அந்தப் புயலைப் பொறுத்தவரை நீங்கள் கட்டிய பிரீமியம் வீண். அதே பாலிசியை ஜூலையில், அறைக்கு முன்பணம் கட்டிய நாளிலேயே வாங்கியிருந்தால் கதை வேறு.

வாங்கும் முன் விலக்குகள் என்ற பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். பயம் பொதுவாக ரத்துக்குக் காரணமாக ஏற்கப்படாது. வானிலை அறிக்கையைப் பார்த்துக் கலங்கி நீங்களாகப் பயணத்தைக் கைவிட்டால் சாதாரண பாலிசி கைகொடுக்காது. எந்தக் காரணத்துக்காகவும் ரத்து செய்யலாம் என்ற கூடுதல் வசதி அமெரிக்கா போன்ற நாடுகளில் கிடைக்கிறது. முதல் தவணை கட்டிய சுமார் 14 முதல் 21 நாட்களுக்குள் அதை வாங்க வேண்டும் என்பதும், திரும்புவது பெரும்பாலும் 50 முதல் 75 சதவீதம்தான் என்பதும் அதன் நிபந்தனைகள். செல்லுபடியாகும் உரிமம் இல்லாமல் ஸ்கூட்டர் ஓட்டி விழுந்தால் பல பாலிசிகள் சிகிச்சைச் செலவை ஏற்பதில்லை. தீவுகளில் வாடகை ஸ்கூட்டர் எடுக்காதவர் குறைவு என்பதால் இந்த ஒரு வரியைத் தவறவிடாதீர்கள். சிறிய தீவில் பெரிய மருத்துவமனை இருக்காது. நோயாளியை விமானத்தில் பெருநிலத்துக்குக் கொண்டுசெல்லும் செலவு பாலிசியில் அடங்குகிறதா என்பதைக் கண்டிப்பாகப் பாருங்கள்.

ஐந்தாம் படி: பை

வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளைத் திரும்பும் நாளுக்கு மேல் ஒரு வாரத்துக்குச் சேர்த்து, கைப்பையில் வையுங்கள். ஆவணங்களின் நகல் ஒன்று நீர் புகாத உறையிலும் ஒன்று கைபேசியிலும் இருக்கட்டும். கொஞ்சம் ரொக்கமும் வேண்டும். மின்சாரம் போனால் அட்டை இயந்திரமும் போய்விடும். பவளப் பாறைகளைக் காப்பதற்காக பசிபிக் தீவு நாடான பலாவ் 2020இலும் ஹவாய் 2021இலும் சில வகை சன்ஸ்கிரீன்களுக்குத் தடை கொண்டுவந்தன. ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் போன்ற தடைசெய்யப்பட்ட வேதிப்பொருள்கள் இல்லாததை வாங்கிக்கொண்டால் தொல்லையில்லை.

ஆறாம் படி: இறங்கும் முன் பத்து நிமிடம் கடலைப் பாருங்கள்

கரையில் சற்று உயரமான இடத்தில் நின்று பாருங்கள். வெள்ளை நுரையோடு அலைகள் வரிசையாக உடையும்போது, நடுவே ஓர் இடத்தில் மட்டும் அலை உடையாமல், நீர் கருமையாகவும் அமைதியாகவும் தெரிகிறதா? புதியவர்கள் குளிக்கத் தேர்ந்தெடுப்பது அந்த இடத்தைத்தான். கரைக்கு வந்த நீர் மணல் திட்டுகளுக்கு இடையே உள்ள இடைவெளி வழியாகக் கடலுக்குத் திரும்பும் பாதை அது. ரிப் கரண்ட் எனப்படும் அந்த இழுப்பு நொடிக்கு 2 மீட்டருக்கு மேலும் போகக்கூடும் என்பதால், தேர்ந்த நீச்சல்காரராலும் எதிர்த்து நீந்தி வர முடியாது. அகப்பட்டால் கரையை நோக்கிப் போராடாதீர்கள். மிதந்து மூச்சைச் சீராக்கி, கையை உயர்த்தி உதவி கேளுங்கள், முடிந்தால் கரைக்கு இணையாக நீந்தி இழுப்பிலிருந்து விலகிய பிறகு கரைக்குத் திரும்புங்கள். பல நாடுகளில் சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு இடையே உள்ள பகுதி உயிர்காப்பாளர் கண்காணிப்பில் இருக்கும். இரட்டைச் சிவப்புக் கொடி பறந்தால் கடலுக்குள் இறங்கக் கூடாது.

கரையில் நிற்கும்போது நிலம் நீண்ட நேரம் அதிர்ந்தாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ, சைரனுக்குக் காத்திராமல் மேட்டுக்கு ஓடுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று, நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்த இந்தோனேசியாவின் சிமெலு தீவில் 70,000க்கும் மேற்பட்டோர் வாழ்ந்தும் சுனாமியில் உயிரிழந்தவர்கள் ஏறத்தாழ 7 பேரே. 1907இல் வந்த பேரலையை ‘ஸ்மோங்’ என்று பெயரிட்டுப் பாட்டிகள் பாட்டாகவும் கதையாகவும் சொல்லி வைத்திருந்ததால், அதிர்வு நின்றதும் மக்கள் மலையேறிவிட்டார்கள்.

ஏழாம் படி: புயல் எச்சரிக்கை வந்துவிட்டால்

விடுதிக்காரரின் ஆறுதல் வார்த்தையைவிட அந்நாட்டு வானிலைத் துறையின் அறிவிப்பை நம்புங்கள். படகுகள் ஓடும்போதே இடம் கிடைத்தால் மிச்சமுள்ள நாட்களை விட்டுவிட்டுக் கிளம்புங்கள். புறப்படும் முன் காப்பீட்டு நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு அழைத்துச் சொல்லிவிடுங்கள். படகு ரத்தாகிவிட்டால் அந்த அறிவிப்பைத் தேதி தெரியும்படி படம் எடுத்து, கூடுதலாகத் தங்கிய இரவின் ரசீதையும் சேர்த்து வையுங்கள். க்ளெய்ம் செய்யும்போது கேட்கப்படுபவை இவைதான். வெளியேற முடியாமல் தங்க நேர்ந்தால், காற்று சட்டென்று அடங்கியதும் கதவைத் திறந்துவிடாதீர்கள். புயலின் கண் எனப்படும் அமைதியான நடுப்பகுதி கடந்துகொண்டிருக்கலாம். சிறிது நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் மீண்டும் வீசும்.