ரஷ்ய நாவல்ல பேரு குழம்புதா? ஒரு அட்டை போதும்

எம்.ஏ. இங்கிலீஷ் சேர்ந்து உலக இலக்கியம் பேப்பர்ல ரஷ்ய நாவலைப் பாத்து மலைச்சு நிக்கிற தம்பி தங்கச்சிகளுக்கு இது. குன்னூர்ல இருந்து ஊட்டிக்கு தினமும் காலேஜ் பஸ்ல போறப்போதான் நான் தஸ்தயேவ்ஸ்கியோட 'குற்றமும் தண்டனையும்' படிச்சேன், 1866ல வந்தது, யாரு யாருன்னே புரியாம மூணு தடவை மூடி வச்சிருக்கேன். பேருதாங்க பிரச்சனை. ரஸ்கோல்னிகோவ், ரோதியோன் ரோமனோவிச், ரோத்யா, மூணும் ஒரே ஆளு! நடுவுல வர்றது அப்பா பேரு, நம்ம இனிஷியல் மாதிரி, அப்பா ரோமன்னா மகன் ரோமனோவிச், மகள் ரோமனோவ்னா, அதனால அவ்தோத்யா ரோமனோவ்னான்னு வந்தா அது அவன் தங்கச்சி துன்யாதான், இது பிடிபட்டுட்டாலே படிக்க அவ்ளோ ஆசையா இருக்கும்.

ஒரு கெட்டி அட்டைய நீளமா வெட்டி அதையே புக்மார்க்கா வச்சுக்கோங்க, புது ஆளு வர வர முழுப்பேரு, செல்லப்பேரு, யாருக்கு என்ன உறவுன்னு ஒரே வரியில எழுதிடுங்க. பென்சில்லயே எழுதுங்க, நம்ம ஊரு ஜூலை மாச ஈரத்துல இங்க் பேனா பரவிடும். நாவல்ல ஆறு பாகம், கடைசில ஒரு முடிவுரை, ஒவ்வொண்ணு முடிஞ்சதும் அட்டைக்குப் பின்னாடி கதைய ரெண்டு வரி தமிழ்லயே குறிச்சு வைங்க, எக்ஸாமுக்கு முந்துன ராத்திரி எடுத்துப் பாத்தா எல்லாம் வரிசையா ஞாபகம் வந்துடும்.